தொட்டியில் போட்டாலும் அளந்து போடு

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடம் போனதும் ஒரு ஆசை வரும். தண்ணீர் நிலைத்துவிட்டது, நீமோ ஜோடி நன்றாகச் சாப்பிடுகிறது, லைவ் ராக்கில் ஊதாப் பாசி படர்ந்துவிட்டது, அடுத்து என்ன? யூடியூபில் குழி தோண்டி வாழும் மீன் ஒன்றைப் பார்ப்பார்கள். அன்றைக்கே போன் வரும். "அண்ணா, நம்ம டேங்க்ல மணல் ஒரு இஞ்ச்கூட இல்ல. மேல ரெண்டு மூட்டை கொட்டிட்டு ஒரு ஜாஃபிஷ் விடலாமா?"

சமீபத்தில் இப்படிக் கேட்ட தம்பிக்கு வீடு சேலையூர். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. தாம்பரம், குரோம்பேட்டை ஃப்ளாட்டுகளில் ஹால் சுவரோரம் நிற்கிற வழக்கமான சைஸ்தான். போனில் பாதியைச் சொல்லி மீதியை விட்டால் வம்பு என்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மணல் சேர்க்கலாம். ஆனால் தரை முழுவதையும் உயர்த்த வேண்டியதில்லை. தோண்டுகிற உயிருக்கு ஒரு மூலை போதும். பழைய மணலுக்கு மேலேதான் போடப் போகிறீர்கள் என்றால் அதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். தொட்டி ஆற்றைவிடச் சின்னது, அளவு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

யார் வரப் போகிறார்கள்?

மணல் எவ்வளவு ஆழம், எந்தப் பருமன் என்பதை வரப்போகிற உயிர்தான் தீர்மானிக்கும். அதனால் மூட்டையை வாங்குவதற்கு முன் விருந்தாளி யார் என்று முடிவு பண்ணுங்கள்.

மஞ்சள் ராஸ் மீனை எடுத்துக்கொள்வோம். ஹாலிகோரஸ் பேரினம். பகலெல்லாம் ஓயாமல் சுற்றும். விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்பே மணலில் தலையைக் குத்தி, உடம்பை நெளித்து, ஒரு நொடியில் காணாமல் போய்விடும். விடிந்த பிறகுதான் வெளியே வரும். பயந்தாலும் அதே வேலைதான். இதற்கு 5 முதல் 8 செ.மீ. ஆழமும், ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட வழுவழுப்பான நுண்மணலும் வேண்டும். கூரான சில்லுகள் இருந்தால் தினமும் பாய்ந்து பாய்ந்து உடம்பு சிராய்த்துப் புண்ணாகிவிடும். புதிதாக விட்ட ராஸ் பல நாள் மணலுக்குள்ளேயே கிடப்பது சகஜம். செத்துவிட்டது என்று நினைத்துக் குச்சியால் கிளறித் தேடுபவர்கள் உண்டு. தயவுசெய்து கிளறாதீர்கள், பசித்தால் தானே வரும்.

அடுத்து வாட்ச்மேன் கோபி, பிஸ்டல் இறால் ஜோடி. இதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் டிவி பார்க்கத் தோன்றாது. இறாலுக்குக் கண் பார்வை மட்டம், ஆனால் ராப்பகலாக ஜேசிபி மாதிரி தோண்டும். கோபிக்குத் தோண்டத் தெரியாது, பார்வை கூர்மை. அதனால் வளையை இறால் வெட்டும், வாசலில் கோபி காவல் நிற்கும். இரண்டு கொடுக்குகளையும் சேர்த்து மணலைத் தள்ளிக்கொண்டு இறால் வெளியே வரும்போது அதன் மீசை ஒன்று கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். யாராவது தொட்டிப் பக்கம் வேகமாக நடந்தால் கோபி வாலை லேசாக உதறும். அவ்வளவுதான், தள்ளிக்கொண்டு வந்த மணலை அங்கேயே போட்டுவிட்டு இறால் உள்ளே ஓடிவிடும். ஆபத்து பெரிது என்று தோன்றினால் கோபியும் தலைகீழாகப் பின்னால் பாயும்.

இந்த ஜோடிக்கு 7 முதல் 10 செ.மீ. ஆழம் போதும். ஆனால் வெறும் மாவு மணல் போட்டால் வளையின் கூரை நிற்காது. சிப்பித் துண்டு, சின்னக் கல் எல்லாம் கலந்திருந்தால் இறால் அவற்றைப் பொறுக்கி எடுத்துத் தாங்கு கல்லாக வைத்துக்கொள்ளும். இன்னொரு விஷயம். பெரிய கொடுக்கை இது சடாரென்று மூடும்போது உண்டாகிற குமிழி வெடித்து "டக்" என்று சத்தம் வரும். ஹாலில் படுத்திருப்பவர்கள் கண்ணாடி விரிசல் விட்டது என்று பதறி எழுவார்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஜாஃபிஷ் கேட்பது இன்னும் அதிகம். செங்குத்தாகக் குழி வெட்டி, கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல் சுற்றிலும் கல் அடுக்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டைகளை ஆண் மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். இதற்கு 10 முதல் 15 செ.மீ. ஆழமும், நுண்மணலும் சில்லும் கலந்த கலவையும் வேண்டும். மிரண்டால் துள்ளி வெளியே விழும், அதனால் தொட்டிக்கு வலை மூடி கட்டாயம்.

ஆழம் கொடுக்க முடியாதவர்களுக்கு நசாரியஸ் நத்தை இருக்கிறது. 3 முதல் 5 செ.மீ. மணலுக்கு அடியில் புதைந்து, தும்பிக்கை நுனியை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இறால் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், தரையில் அங்கங்கே மணல் பிளந்து எல்லாம் எழுந்து வரும். மணலைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் தொட்டிக்கும் நல்லது.

ஓடுகிற தொட்டியில் என்ன பயம்?

புதுத் தொட்டியில் மணல் போடுவது ஒன்றுமே இல்லை. பயமெல்லாம் பழைய தொட்டியில்தான். ஏனென்றால் அங்கே ஏற்கெனவே கிடக்கிற மணலில் ஒவ்வொரு துகளிலும் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். துகள்களுக்கு நடுவே புழுக்களும் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற சின்னஞ்சிறு ஓட்டுயிர்களும் நெளிந்துகொண்டிருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நுண்மணலில் ஆக்சிஜன் இறங்குவது மேலே ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்கிற வேறு கூட்டம் இருக்கிறது. அது நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பும். அதற்கும் கீழே, அழுக்கு தேங்கிய இடங்களில், சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கிற கூட்டம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் இதற்குத் தீனி பஞ்சமே இல்லை. இதன் கழிவுதான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் மணலில் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

இந்த அடுக்குகளுக்கு மேல் திடீரென்று 5 செ.மீ. புது மணலைக் கொட்டினால் நேற்று வரை மேல்தளத்தில் மூச்சு விட்டவர்கள் எல்லாம் பாதாளத்துக்குப் போய்விடுவார்கள். ஏறிவரத் தெரிந்த புழு ஏறிவரும், மற்றவை செத்து அழுகி அம்மோனியாவாகும். கடல்நீரின் பிஎச் 8.2 பக்கத்தில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா சாதாரண நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிக விஷம். இதற்கு நடுவில் கறுப்புத் திட்டு எதையாவது கிளறியிருந்தால் சல்ஃபைடும் கூட வந்து சேரும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கும்போது மூட்டையைத் திரும்ப அள்ள முடியாது.

எந்த மணல்?

தாம்பரத்துக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது கோவளம். வண்டலூர் போய்க் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்தால் கடற்கரை. 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய பீச். கடல் மீனுக்குக் கடல் மணல், இதில் என்ன தப்பு என்று கேட்பார்கள்.

முதலில் சட்டம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-ல் வந்ததும் சரி 2019-ல் வந்ததும் சரி, கரையில் மணல் தோண்டி எடுப்பதைத் தடை செய்கின்றன. ஒரு பக்கெட்தானே என்று ஆளாளுக்கு ஆரம்பித்தால் அதற்கு முடிவில்லை. அடுத்து, நம் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. பவளத் தீவு மணல் அல்ல. அலை ஓரத்தில் கறுப்பாகக் கோடு கோடாகப் படிந்திருக்குமே, அது இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமத் துகள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அந்தக் கோட்டில் இழுத்துப் பாருங்கள், மீசை முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வரும். தொட்டிக்குள் போனால் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முழுக்கக் கீறல் போடும். மோட்டாரின் சுழலியிலும் காந்தம்தான் இருக்கிறது, அங்கேயும் போய் உட்காரும். ஊர்க் கழிவுநீர் எங்கெங்கே கடலில் கலக்கிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாகத் தோன்றுவது எம்-சாண்ட். தெருவுக்குத் தெரு கட்டட வேலை நடப்பதால் வாசலிலேயே குவியல் கிடக்கும். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் சார்னோகைட் பாறை. பல்லாவரத்தில் அதற்குத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமே இருக்கிறது. ரொம்பப் பழைய, ரொம்ப உறுதியான கல். அந்த உறுதிதான் இங்கே கெடுதல். கிரஷரில் உடைத்த கல் ஒவ்வொரு துகளும் முனை மழுங்காமல் கத்தியாக இருக்கும். கான்கிரீட்டுக்கு அது பிடிமானம், ராஸ் மீனின் தோலுக்கு அது ரம்பம். எவ்வளவு கழுவினாலும் கல்தூள் போகாது. எம்-சாண்ட் வீடு கட்டுவதோடு நிற்கட்டும்.

மூன்றாவதுதான் நான் கோபப்படுகிற விஷயம். "ராமேஸ்வரம் கோரல் சில்லு" என்று சொல்லி, பேர் ஊர் இல்லாத சாக்குப் பையில் சில இடங்களில் கிடைக்கும். வாங்காதீர்கள். பாறைப் பவளம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. அவற்றில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அலையைத் தடுக்கப் பவளம் இல்லாத தீவு கரைந்துதான் போகும். நம் ஹாலில் ஒரு மீன் குழி தோண்டுவதற்காக அந்தக் கணக்கில் ஒரு கிலோ சேர வேண்டுமா?

மீதி இருப்பது பாக்கெட்டில் வரும் அரகொனைட் மணல். இதுவும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் கம்பெனி பெயரும் எங்கிருந்து வந்தது என்ற விவரமும் பாக்கெட்டில் இருக்கும். பஹாமாஸ் பக்கத்துக் கடலில் கிடைக்கிற உருண்டை மணி மணல் இந்த வகையில் பிரபலம். துகள் உருண்டை என்பதால் தோண்டுகிற உயிர்களுக்கு உறுத்தாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கண்ணாடித் தொட்டியிலிருந்து கப்பி மீன் வரை கிடைக்கும், ஆனால் கடல்தொட்டிச் சாமான் என்றால் கொளத்தூர்தான். பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறிப் போய்வர அரை நாள் ஆகும். நுண்மணல் ஒரு பை, 2 முதல் 5 மி.மீ. சில்லு ஒரு பை என்று தனித்தனியாக வாங்கிக் கலந்துகொள்வது நல்லது.

அரகொனைட் போட்டால் பிஎச் தானாக நின்றுவிடும் என்று கடையில் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். பிஎச் 8-க்கு மேல் இருக்கிற தண்ணீரில் அது பெரிதாகக் கரைவதில்லை. கேஎச், அதாவது கார்பனேட் காரத்தன்மை, பார்ப்பதும், குறைந்தால் சேர்ப்பதும் உங்கள் வேலையாகவே இருக்கும்.

மூலைக் கணக்கு

இப்போது கணக்கைப் பாருங்கள். 90 க்கு 45 செ.மீ. தரையில் 12 செ.மீ. உயரத்துக்கு மணல் என்றால் 48 லிட்டருக்கு மேல். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வைத்தால் எழுபது கிலோ தாண்டும். மணலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி. மீதி இடத்தில் இருந்த தண்ணீர், கிட்டத்தட்ட 29 லிட்டர், வெளியே போக வேண்டும். தொட்டியின் மொத்தக் கொள்ளளவே 182 லிட்டர்தான். ஒரு விரல் நீள மீனுக்காக இவ்வளவா?

அதே ஆழத்தை 30 க்கு 20 செ.மீ. டப்பாவில் கொடுத்தால் 7 லிட்டர் சொச்சம், 11 கிலோ மணல். உணவு வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் டப்பாவோ, அக்ரிலிக் பெட்டியோ எதுவானாலும் சரி, உலோகம் மட்டும் கூடாது. ஒரு மூலையில் பழைய மணலை மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, டப்பாவை நேராகக் கண்ணாடித் தரையில் உட்கார வைக்க வேண்டும். முன்பக்கம் இரண்டு கல்லைச் சாய்த்தால் டப்பா தெரியாது. ராஸ், ஜாஃபிஷ் இரண்டும் இதில் சௌக்கியமாக இருக்கும். மணல் கெட்டுப்போனாலும் டப்பாவோடு எடுத்துவிடலாம், மற்ற தரைக்கு ஒன்றும் ஆகாது.

பிஸ்டல் இறால் மட்டும் டப்பாவுக்குள் கட்டுப்படாது. அது கல்லுக்கு அடியில்தான் வளை வெட்டும். அதற்கு ஒரு பாறையை ஒட்டி, மூலையில் சரிவாக மேடு கட்டிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் முறை வருகிறது.

போடும் முறை

1. பாறைகளைத் தள்ளிப் பாருங்கள். எல்லாப் பாறையும் மணல்மேல் இல்லாமல் கண்ணாடித் தரையில் உறுதியாக நிற்க வேண்டும். மணல்மேல் நிற்கிற பாறைக்கு அடியில் இறால் ஒரு ராத்திரி வேலை பார்த்தால் காலையில் பாறை சரிந்து கிடக்கும். அடியில் மாட்டினால் மீன் போச்சு, கண்ணாடியில் மோதினால் தொட்டியே போச்சு.

2. உலர் மணலைக் கழுவுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் பக்கெட் பக்கெட்டாகக் கலக்கி, பால் நிறம் மாறும் வரை ஊற்றி விடுங்கள். கடைசி இரண்டு அலசல் ஆர்ஓ தண்ணீரில். "லைவ் சாண்ட்" என்று ஈரத்தோடு வரும் பாக்கெட்டாக இருந்தால் கழுவக் கூடாது.

3. கழுவிய மணலைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு ராத்திரி ஊற வையுங்கள். சூடும் உப்பும் சமமாகிவிடும், துகளில் ஒட்டிய காற்றுக் குமிழியும் போய்விடும்.

4. உப்புத் தண்ணீரை முதல் நாளே கலந்து தயாராக வையுங்கள். அடர்த்தி 1.025, தொட்டித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். அம்மோனியா ஏறினால் அப்போது உப்பைத் தேடி ஓட முடியாது.

5. மோட்டார், வேவ் மேக்கர், ஸ்கிம்மர் மூன்றையும் நிறுத்துங்கள். மணல் பிடிக்கும் இடத்தின் அளவுக்குத் தண்ணீரை முன்பே இறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஹாலில் உப்புக் குளம்தான்.

6. ஊறிய மணலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் அள்ளி, மூடி, தரை வரை இறக்கி, அங்கே வாயைத் திறந்து மெல்ல உருவுங்கள். ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பைத் தரை வரை நிறுத்தி, மேலிருந்து மக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலும் சரி. தண்ணீரின் மேலிருந்து தூவினால் நுண்தூள் எல்லாப் பவளத்தின் மேலும் படியும். பழைய மணலைக் கிளறிக் கலக்க வேண்டாம், அதன்மேல் படிய விட்டால் போதும்.

7. பழைய மணல்மேல் போடுவதானால் ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர், கூடினால் ஒன்றரை. பிறகு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் சும்மா இருங்கள். புழுக்கள் மேலே ஏறிவர அந்த அவகாசம் வேண்டும். கறுப்புத் திட்டு இருக்கும் இடத்தைப் புதைக்காதீர்கள், அந்தப் பகுதியை மட்டும் சைஃபன் பைப்பால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

8. தண்ணீர் தெளிய ஆரம்பித்ததும் ஃபில்டரில் புதுப் பஞ்சு வைத்து மோட்டாரைப் போடுங்கள். வேவ் மேக்கரின் முகத்தை மேல்பக்கம் திருப்பி வையுங்கள். பவளத்தில் தூள் இருந்தால் பெரிய சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளிவிடலாம்.

மறுநாள் அம்மோனியா டெஸ்ட் எடுங்கள். பூஜ்யமாக இல்லாவிட்டால் அடுத்த அடுக்கைத் தள்ளிப் போடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

எந்த மாதத்தில்?

இதைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கத்திரி வெயில் கிடையாது. கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 6.2 பக்கம் இறங்கிவிடும். சில்லர் இல்லாத தொட்டி மே மாதத்தில் சர்வ சாதாரணமாக 30-ஐத் தாண்டும். மூச்சுக்கே தட்டுப்பாடான நேரத்தில் தரையைக் கிளறுவது வேண்டாத வேலை.

ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். அந்த மாதங்களில் பயம் கரண்ட். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் அடித்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் என்ன பாடுபட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மழையில் மின்சாரம் போவதும், வர நாளாவதும் தென்சென்னைப் புறநகருக்குப் புதிதல்ல. நீரோட்டம் நின்றதும் மணல் பாக்டீரியா தன் பங்கு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். ஆழமான மணல் என்றால் பங்கும் அதிகம். முழுத் தரையை உயர்த்தாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த மாதமானாலும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆக, தை, மாசிதான் தோது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது தொட்டிக்கும் பொருந்துகிறது. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது.

போட்ட பிறகு

சில நாளில் வெள்ளை மணல்மேல் பழுப்பாகத் தூசு படியும். அது டயட்டம் பாசி. புது மணல் போட்ட பெரும்பாலான தொட்டிகளில் வரும், சில வாரத்தில் தானே போய்விடும். அதைப் போக்க மருந்து வாங்காதீர்கள். முதல் வாரத்தில் கேஎச் கொஞ்சம் இறங்கலாம். புது அரகொனைட் துகளின்மேல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் கார்பனேட்டும் படிவதால் அப்படி ஆகும். 8, 9 பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

மணல் முழு ஆழத்துக்கு வந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டி, ஒரு மாதமாவது கடந்த பிறகு விருந்தாளியைக் கொண்டு வாருங்கள்.

சேர்க்கக் கூடாதவர்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் மணலைச் சுத்தம் செய்ய கடல் அட்டையை விடுவார்கள். நம் ஊரில் அந்த எண்ணமே வேண்டாம். எல்லாக் கடல் அட்டை இனங்களும் 2001-லிருந்து முதல் அட்டவணையில் உள்ளன. பிடிப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

மணல் சலிக்கும் நட்சத்திர மீன் சட்டச் சிக்கலில் வராவிட்டாலும் நம் தொட்டிக்கு ஆகாது. மணலில் இருக்கும் சின்ன உயிர்களை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு, பிறகு பட்டினியில் மெல்லச் சாகும். எஞ்சினியர் கோபி குட்டியாக இருக்கும்போது கோடு போட்டு அழகாக இருக்கும். வளர்ந்தால் ஒரு அடி தாண்டும், பாறைகளுக்கு அடியில் எல்லாம் சுரங்கம் வெட்டும். தோட்ட விலாங்கு கூட்டமாக மணலில் நட்ட செடிபோல ஆடும், பார்க்கக் கண் கொள்ளாது. அதற்கு வேண்டிய ஆழமும் நீரோட்டமும் பெரிய காட்சிசாலைகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுத்துக் கண்ணாடி ஓரமாக வைத்து உங்கள் மணலின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். 3 செ.மீ. இருந்தால் நசாரியஸ், 5-ஐத் தாண்டினால் ராஸ், 7-க்கு மேல் சில்லும் கலந்திருந்தால் கோபி ஜோடி, 10-க்கு மேல் ஜாஃபிஷ். இல்லாத ஆழத்துக்கு மீனை வாங்காதீர்கள். குழி தோண்ட இடமில்லாத ஜாஃபிஷ் மிரண்டு மிரண்டு கடைசியில் ஒரு ராத்திரி வெளியே குதித்துவிடும். டப்பாவைத் தையில் வையுங்கள், மீனை ஒரு மாதமாவது கழித்து வாங்கலாம்.